ரத்தக்கட்டியைக் கரைப்பது மாத்திரை அல்ல

காலின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிவிட்டது என்று ஹெபாரின் ஊசியோ வார்ஃபரின் மாத்திரையோ தொடங்கியவர்கள், பத்து நாள் கழித்து "கட்டி கரைஞ்சிடுச்சா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மருந்துகளுக்குக் கரைக்கத் தெரியாது. மேற்கொண்டு உறையாமல் தடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. கரைப்பது உடம்பு.

ரத்தக்குழாய் கிழிந்ததும் அந்த இடம் சுருங்கும். உட்சுவருக்கு அடியில் மறைந்திருந்த கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளிப்படும். வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் அதில் ஒட்டிக்கொண்டு, ஓடும் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இவை 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பதால் ஓட்டை சீக்கிரம் அடைபடும். ஆனால் அது உறுதியில்லாத அடைப்பு. வெட்டுக்காயத்தை அழுத்தும்போது 'நின்றுவிட்டதா' என்று அடிக்கடி துணியை எடுத்துப் பார்த்தால் பெயர்ந்து வருவது இதுதான். 10 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள்.

அதற்குள் வலை பின்னப்பட்டுவிடும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் 'காரணிகள்' என்பார்கள். திசுக் காரணியும் ஏழாம் காரணியும் சேர்ந்து பத்தாம் காரணியைத் தூண்ட, அதன் வழியாக த்ராம்பின் என்ற நொதி உருவாகிறது. அது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தின் நடுப்பகுதியில் சிறு துணுக்குகளை நறுக்கிவிடும். மூடிக்கிடந்த முனைகள் திறந்ததும், மூலக்கூறுகள் தாமாகவே கோத்துக்கொண்டு ஃபைப்ரின் இழையாகின்றன. பதின்மூன்றாம் காரணி குறுக்கே தையல் போடுகிறது. இந்தக் காரணி பிறவியிலேயே மிகக் குறைந்த குழந்தைகளுக்குத் தொப்புளில் ரத்தம் கசியும்; வழக்கமான உறைதல் சோதனைகளோ சரியாகவே இருக்கும். தையல் இல்லாத குறையை அவை காட்டுவதில்லை.

எனக்குத் தீராத வியப்பு இதுதான்: வலை பின்னும்போதே பிளாஸ்மினோஜென் என்ற புரதம் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. கட்டி உருவாகும்போதே அதைக் கரைக்கப்போகும் பொருளும் உள்ளே வைத்துத் தைக்கப்படுகிறது. பிறகு குழாய்ச் சுவரின் செல்கள் டி.பி.ஏ. என்ற நொதியைச் சுரக்கின்றன. ஃபைப்ரின் மேல் அமர்ந்தால்தான் அதற்கு வேகம். பிளாஸ்மினோஜெனை அது பிளாஸ்மினாக்க, பிளாஸ்மின் இழைகளை வெட்டும். கட்டியை விட்டு நழுவும் பிளாஸ்மினை ஆன்டிபிளாஸ்மின் உடனே பிடித்து முடக்கிவிடும். அதனால்தான் கரைப்பு கட்டி இருக்கும் இடத்தோடு நிற்கிறது.

தையலோடு வெட்டுப்பட்டு வரும் துணுக்கே டி-டைமர். கட்டி இருக்க வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் கருதும் ஒருவருக்கு ரத்தத்தில் இதன் அளவு சாதாரணமாக இருந்தால், கட்டி இல்லை என்று நம்பலாம். கூடியிருந்தால் மட்டும் முடிவுக்கு வர முடியாது. கர்ப்பம், அறுவை சிகிச்சை, தொற்று, புற்றுநோய் எல்லாமே அதைக் கூட்டும்.

வார்ஃபரினில் ஒரு சிக்கல் உண்டு. 2, 7, 9, 10 ஆகிய காரணிகளோடு, உறைதலை அடக்கும் புரதம் சி-யையும் அது குறைக்கிறது. புரதம் சி சீக்கிரமே குறைந்துவிடும். இரண்டாம் காரணி குறையப் பல நாள் ஆகும். முதல் சில நாள் உறையும் போக்கே கூடலாம். ஆகவே ஹெபாரினைக் குறைந்தது 5 நாள், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-ஐத் தொட்டு 24 மணி நேரம் நிலைக்கும்வரை, சேர்த்தே தருவார்கள். மாத்திரை ஆரம்பித்தாயிற்றே என்று ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நிஜமாகவே கரைக்கும் மருந்து அல்டெப்ளேஸ்; ஆய்வகத்தில் செய்த டி.பி.ஏ.தான் அது. மூளைக் குழாய் அடைப்பில், அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள், கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90-க்கு மிகாமல் கொடுப்பார்கள். வேண்டிய அடைப்பையும் அது கரைத்துவிடும் என்பதால், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்பதை ஸ்கேனில் பார்த்த பிறகே ஊசி போடுவார்கள்.