விடுறதுக்கு முன்னாடி சொல்லு

பொண்ணு படிக்கிற பள்ளியின் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஆகஸ்ட் 15 வந்தால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டு வருஷம் ராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கணும், அப்போதான் ஒழுக்கம் வரும், செல்போனைக் கீழே வைக்கும் என்று. உடனே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். நான் எதுவும் போடுவதில்லை. சென்னை வியாசர்பாடியில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று தெருவே அடையாளம் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த ஒழுக்கத்தைக் காலை அஞ்சு மணி விசில் சத்தத்தோடு எனக்குத் தெரியும்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து 2006-ல் ஓய்வு பெற்றவர். பாலம், பாதை போடும் ராணுவப் பொறியாளர் படை, 1780-ல் தொடங்கியது, இப்போது அதன் தலைமையிடம் பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறது. பட்டாளத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் ‘தம்பி’. தலை நரைத்தாலும் தம்பிதான். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அவர் லீவுக்கு வந்து போகும் விருந்தாளி. சென்ட்ரலில் இறங்கி, கறுப்பு டிரங்குப் பெட்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வருவார். பெட்டி மேல் வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். ரெண்டாம் நாளே எங்கள் அலமாரித் துணி மொத்தமும் கட்டிலில் கொட்டிக் கிடக்கும், மூலைக்கு மூலை சேர்த்து மறுபடி மடிக்கணும். ஏன் என்று கேட்டால் திட்டு. ஷூவுக்குப் பாலிஷ் ஒழுங்காகப் போடவில்லை என்று என் தம்பி ஒரு மே மாசம் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறான். தானாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்த ஆளுக்கு உண்டான பயிற்சியை எட்டு வயசுப் பையனுக்குக் கொடுத்தால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அப்பா லீவு எப்போது முடியும் என்று காலண்டரில் எண்ணுவது. இதையெல்லாம் நான் என் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இல்லை.

ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவு ஞாபகம் இருக்கும். பாலம் அடித்துக்கொண்டு போய்விட, சூரல்மலையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் 190 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் போட்டார்கள், ஆகஸ்ட் 1 சாயங்காலம் வேலை முடிந்தது. அந்த ரெண்டு நாளும் அப்பா டிவி முன்னாலேயே இருந்தார். பட்டாளத்துக் கதையே சொல்லாத மனுஷன், அன்று தானாகப் பேச ஆரம்பித்தார். பெய்லி பாலத்தில் வெல்டிங் வேலை கிடையாதாம், இரும்புச் சட்டங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பின் அடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஒரு சட்டம் பத்தடி நீளம், சுமார் 260 கிலோ. “நூத்தித் தொண்ணூறுன்னா பத்தொன்பது கட்டு” என்று டிவியைப் பார்த்தபடியே கணக்குப் போட்டார். கிரேன் போக முடியாத இடத்தில் குறுக்கே கம்பி விட்டு ஆறு பேர் தூக்கணும். அந்த ஆறு பேரில் ஒருத்தனுக்குக் கை வழுக்கலாம், மூச்சு வாங்கலாம், அதெல்லாம் தப்பில்லை. வாயைத் திறக்காமல் கையை விட்டான் பாரு, அவன்தான் ஆபத்து. மற்ற அஞ்சு பேரில் ஒருத்தன் காலில் இறங்கிவிடும்.

எனக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. எம்.கே.பி. நகரில் நாங்கள் வீடு மாற்றியபோது இரும்பு பீரோவைத் தூக்கினோம். எனக்குப் பதினேழு வயது இருக்கும். விரல் வலித்தது, மாடிப்படித் திருப்பத்தில் சட்டென்று விட்டுவிட்டேன். பீரோ அம்மாவின் பாதத்தை ஒரு விரல்கடையில் தவறவிட்டு இறங்கியது. அப்பா கத்தவில்லை, அதுவே ஆச்சரியம். “விடுறதுக்கு முன்னாடி சொல்லு” என்றார். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் எல்லாரும் சேர்ந்து கீழே வைத்திருப்போம்.

எங்கள் வீட்டில் அப்புறம் அது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. மெட்ரோ வாட்டர் லாரியில் பிடித்த டிரம்மை நகர்த்தும்போது, கொசுவலை மடிக்கும்போது, எதற்கென்றாலும் ‘விடப் போறேன்’ என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் விடுவோம். வெளியாட்கள் சிரிப்பார்கள்.

இதில் எனக்கு அப்பாவோடு ஒரு சண்டையும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஏடிஎம்மில் செக்யூரிட்டியாக இருந்தார். ராத்திரி டியூட்டி. ஒரு நாள் காலையில் அடுத்த ஆள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அப்பா மத்தியானம் ஒரு மணி வரை அங்கேயே நின்றார், அம்மா இட்லியை டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கூடுதல் நேரத்துக்குச் சம்பளம்? ஒரு பைசா கிடையாது. எதற்குப்பா நின்றீர்கள் என்று நான் குதித்தேன். “மாத்தறதுக்கு ஆள் வரலையே. அப்போ அது இன்னும் என் இடம்தானே” என்றார். பட்டாளத்தில் சென்ட்ரி டியூட்டிக்கு அது சரி. அங்கே மாற்று ஆள் கட்டாயம் வருவான், வராவிட்டால் கேட்க ஆள் உண்டு. வெளியில் இந்தக் குணத்தைக் கண்டுகொண்டால் நாலு பேர் வசதியாக ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அப்பா அந்த வாக்கியத்தின் ‘சொல்லு’வை மட்டும் பிடித்துக்கொண்டார், ‘விடு’ என்பதும் அதிலேயே இருக்கிறது என்பதை மறந்துவிட்டார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். சொல்லிவிட்டால் விடலாம், தாராளமாக விடலாம்.

போன வருஷம் என் பெரிய பொண்ணு விஷயத்தில் இதைத்தான் செய்தேன். எங்கள் ஏரியாவில் ஃபுட்பால் என்றால் சோறு மாதிரி, தடுக்கி விழுந்தால் ஒரு டீம். அவளும் ரெண்டு வருஷமாகக் காலையில் பிராக்டீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். திடீரென்று கால் வலி என்றாள். நாலு நாள். அஞ்சாம் நாள் கோச் போன் பண்ணுகிறார், “அக்கா, ஞாயித்துக்கிழமை மேட்ச், லெஃப்ட் பேக்குக்கு ஆள் இல்ல, பாப்பா வருமா?” விசாரித்தால் கால் வலியும் இல்லை ஒன்றும் இல்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள், எனக்கு வருத்தமே இல்லை, ஆனால் நீயே போய்ச் சொல்லு என்றேன். அழுதாள். “நீயே போன்ல சொல்லிடும்மா.” மாட்டேன் என்றுவிட்டேன்.

கிரவுண்டில் அவர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிரவில்லை, ஒரு கோடு முழுவதும் போட்டு முடித்தார். இவள் கூடவே நடந்தாள். கடைசியில், “அண்ணா, நான் இனிமே வரல” என்றாள், எனக்கே கேட்காத குரலில். அவர் பொடிக் கையைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். “சரி. இந்த ஞாயிறு மட்டும் ஆடு. அதுக்குள்ள வேற ஆள் பாத்துக்கறேன்.” ஆடினாள். மூணு கோல் வாங்கித் தோற்றார்கள், அதில் ரெண்டு இவள் பக்கமாக வந்தவை. அதோடு நிறுத்திவிட்டாள். மனசு மாறித் திரும்பப் போனாள் என்றெல்லாம் கதை இல்லை. கோச் வழியில் பார்த்தால் இன்றைக்கும் பேசுகிறார், இவளும் ஒளிந்துகொள்ளாமல் நின்று பேசுகிறாள்.

அவளிடம் இது சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது எனக்கு அதற்கும் முன்னாலேயே தெரியும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். புளியந்தோப்பு, வியாசர்பாடி எல்லாம் தண்ணீர். அப்பா அம்மா கீழ் வீடு, நாங்கள் மேல் வீடு. கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு ஆட்களையும் சேர்த்து எல்லாரும் மேலே வந்துவிட்டோம். பொண்ணு செல்போன் டார்ச்சை ஒவ்வொரு முகத்திலும் அடித்து எண்ணினாள், அதுவும் தாத்தா பழக்கம்தான். பதினாலு பேர் இருக்கணும், பதிமூணுதான் வந்தது. ரெண்டு தடவை எண்ணியும் பதிமூணு. தாத்தாவைக் காணோம்.

கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார், அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கட்டில் மேல் ஏற்றப் பார்த்தபடி. படியில் நின்று இவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். “சொல்லாமப் போயிட்டீங்க தாத்தா!” அவரிடம் பதில் இல்லாமல் போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் கழித்து, “தப்புதான்” என்றார்.

அப்புறம் பெட்டியை மேலே கொண்டு வந்தோம், ஒரு பக்கக் கைப்பிடியில் அவர், மறுபக்கத்தில் நானும் இவளும். கடைசிப் படியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“விடட்டுமா?” என்று கேட்டார்.

“இருங்க தாத்தா, இன்னும் ஒரு படி” என்றாள்.