வெட்ஜ் பேங்க்: எதார்த்தவாதி எங்கே திணறுவார், தாராளவாதி எங்கே திணறுவார்

நாடுகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று விளக்கும் சர்வதேச உறவுக் கோட்பாடுகள் இரண்டு: எதார்த்தவாதம், தாராளவாதம். தேர்வில் இவற்றை ஒப்பிடச் சொன்னால், மாணவர்கள் நடுவில் கோடு கிழித்து ஒரு பக்கம் 'அதிகாரம்', மறுபக்கம் 'ஒத்துழைப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அதில் மார்க் தேறாது. நாடுகளுக்கு மேலே போலீஸ் ஸ்டேஷன் கிடையாது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது. எதிராளிக்கு நம்மைவிடக் கூடுதலாகக் கிடைத்துவிடுமோ என்று கவலைப்படுபவர் எதார்த்தவாதி. இருவருக்கும் லாபம் இருந்தால் போதும், ஏமாற்றப்படுவோமோ என்ற பயத்தை விதிகள் குறைக்கும் என்பவர் தாராளவாதி. (1991-இன் தாராளமயமாக்கலை இங்கே இழுக்காதீர்கள், அது வேறு கதை.)

நம் குமரி முனைக்குத் தெற்கே கிடக்கிற வெட்ஜ் பேங்கை எடுத்துக்கொள்வோம். பேங்க் என்றால் கடலடி மேடு, மீன் மண்டும் இடம். 1976 மார்ச் 23-இல் இந்தியாவும் இலங்கையும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அதன்மேல் இறையாண்மை உரிமை இந்தியாவுக்கே என்கின்றன. இந்தியா தன் பொருளாதார மண்டலத்தை (கடல்வளம் தனக்கே என்று ஒரு நாடு அறிவிக்கும் கடற்பகுதி) நிறுவியதிலிருந்து 3 ஆண்டுகளுக்கு மட்டும், லைசென்ஸ் வாங்கிய 6 இலங்கைப் படகுகள், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் பிடித்துக்கொள்ளலாம். அதற்குள் இந்தியா எண்ணெய் தேடத் தொடங்கினால் அந்தப் பகுதியில் அவர்கள் வலையைச் சுருட்டிவிட வேண்டும்.

எண்ணெய் வரியைப் பார்த்ததும் எதார்த்தவாதி நிமிர்ந்து உட்காருவார். பெரியவன் மேட்டை எடுத்துக்கொண்டான், மற்றதெல்லாம் மரியாதைக்கு என்பார். சரி, அந்த 6 படகையும் ஏன் விட வேண்டும்? 1974-இல் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது எப்படி? கொழும்பை வேறு வல்லரசு பக்கம் சாயவிடாமல் பிடித்துவைக்க என்று ஒட்டுப்போடுவார். எல்லாக் கிழிசலுக்கும் அதே ஒட்டு என்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

தாராளவாதிக்கு அந்த எண்கள்தான் சாட்சி: 6, 2,000, 3. எண்ணிப் பார்க்கலாம், எடை போடலாம், நாள் குறிக்கலாம். ஆனால் விதி இருந்தும் பாக் நீரிணையில் இன்றுவரை கைதுகள் ஏன் என்று கேட்டால் திணறுவார். இங்கேதான் மாணவர்கள் வழுக்குகிறார்கள். தாராளவாதத்தில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று நிறுவனங்களைப் பார்க்கும். இன்னொன்று நாட்டுக்குள்ளே யார் குரல் டெல்லிக்கு எட்டியது என்று பார்க்கும். இந்தியப் படகுகள் அனுமதியில்லாமல் இலங்கைக் கடலில் பிடிக்கக் கூடாது என்பதும் அதே நாள் கடிதங்களில்தான் இருக்கிறது. அது நெருக்கடி நிலைக் காலம். தமிழக அரசு கலைக்கப்பட்டது ஜனவரி 31-இல், கடிதம் அதற்கு 52 நாள் கழித்து. அதாவது, மீனவர் குரலை டெல்லிக்கு எடுத்துச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசு அப்போது இல்லை. முதல் கிளை திணறும் இடத்தில் இரண்டாவதுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பயிற்சிக்கு, குமரி மாவட்டத் தூத்தூர் ஆழ்கடல் படகுகள் போய் மாட்டிக்கொள்கிற டியாகோ கார்சியாவை எடுங்கள். இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் ராணுவத் தளம் இருக்கும் தீவு அது. சாகோஸிலிருந்து பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று 2019-இல் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொன்னது. 2025 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இறையாண்மை மொரீஷியஸுக்கு, ராணுவத் தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு. எந்தப் பாதியை எந்தக் கோட்பாடு முன்கூட்டியே சொல்லியிருக்கும் என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.