பிடி என்றால் பிடி

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். இன்னொருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். படுப்பவருக்குத்தான் திறமை தேவை என்று ஊர் நினைக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மாமாவின் பழைய வேனுக்கு அடியில் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தவன் சொல்கிறேன்: மேலே நல்ல ஆள் அமைவதற்குப் பூர்வ புண்ணியம் வேண்டும்.

மாமா கல்யாணச் சமையல்காரர். மறுநாள் விடியற்காலையில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். அண்டாக்கள் ஏற வேண்டிய நேரத்தில், வேனின் கிளட்ச் பெடல் தரையோடு படுத்துக்கொண்டு எழ மறுத்தது. பல நாள்களாகவே கால் விரலை அடியில் கொடுத்து அதைத் தூக்கிவிட்டுத்தான் அவர் ஓட்டி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அத்தைக்குத் தெரிந்தது. 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காக நாட்டில் அறிவித்த அவசரகாலம் எங்கள் வட்டாரத்தில்தான் தொடங்கியது என்பார்கள். அத்தை அன்று வாசலில் அறிவித்தது இரண்டாவது அவசரகாலம்.

எதிர்வீட்டு அண்ணன், ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், கையில் தேநீரோடு வந்து தீர்ப்புச் சொன்னார்: "கிளட்ச் தட்டு போய்விட்டது தம்பி. கியர்பாக்ஸை இறக்கு." இறக்கு என்று சொல்வதற்கென்ன, இறக்குவது அவரில்லையே.

நான் பெடலை விடாமல் வேகமாக மிதித்துப் பார்த்தேன். அதுவரை கரகரவென்று முரண்டு பிடித்த கியர் சமர்த்தாக விழுந்தது. தட்டு தேய்ந்திருந்தால் கியர் விழும், வண்டிதான் இழுக்காது. இங்கே கதை நேரெதிர். எண்ணெய் ஒழுகுகிறது, அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். காலால் கொடுக்கிற பலமெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. பெடலோடு சேர்ந்த மேல் பம்ப் காய்ந்திருந்தது. கியர்பாக்ஸ் பக்கத்துக் கீழ் பம்பின் ரப்பர் உறையை விலக்கியதும் என் நெற்றியிலேயே சொட்டியது சாட்சி.

"எண்ணெய்தானே குறைகிறது?" என்று மாமா சமையலறையிலிருந்து ஐந்து கிலோ பாட்டிலோடு வந்தார். ஊரைச் சுற்றிச் செம்பனை என்பதற்காக இதிலுமா? சமையல் எண்ணெயோ இன்ஜின் எண்ணெயோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகள் ஊதிக் கெட்டுவிடும் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன். "தரமான எண்ணெய்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

டவுனில் ஸ்பேர்பார்ட்ஸ் கடை முதலாளியான தவுக்கேயிடம் ரப்பர் செட்டும் பிரேக் எண்ணெயும் வாங்கி வந்து, கிளட்சைச் சீக்கிரமே முடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிரேக் டப்பாவைத் திறந்தால் உள்ளே கோப்பி ஓ, பால் விடாத கறுப்புக் காப்பி! இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 என்ற பிரேக் எண்ணெய் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். கேமரன் மலை இறக்கத்தில் அண்டாவோடு போகும்போது அது கொதித்து ஆவியானால், சாம்பார் யாருக்குப் பரிமாறப்படும் என்று சொல்ல முடியாது.

ஆகவே தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன்: பின்புறம் இடது. மிதி, பிடி என்பேன், சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளைத் திறப்பேன், குமிழி வரும், மூடுவேன், அதற்குப் பிறகுதான் விடு. மூடுவதற்குள் காலை எடுத்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

மாமா மிதித்தார். கூடவே தொலைபேசியில் பெண் வீட்டாரோடு பேசினார். ஒவ்வொரு "ஆமாங்க"வுக்கும் தலையோடு காலும் ஆடியது. நான் "பிடி" என்றால், "கத்தரிக்காயா, பிடித்தால் போடலாம்" என்று அங்கே பதில் போனது. அடுத்து அண்ணன் ஏறினார். லாரி ஓட்டிய கால் அல்லவா, ஒரே மிதியில் நிப்பிளில் மாட்டிய குழாய் பிடுங்கிக்கொண்டு பிரேக் எண்ணெய் கதவில் தெறித்தது. பெயிண்ட் உரிவதற்குள் வாளித் தண்ணீரை ஊற்றி ஓடினேன்.

கடைசியில் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். என்ன கால் அது! பிடி என்றால் பிடி, விடு என்றால் விடு. நான்கு சக்கரமும் மளமளவென்று முடிந்தன. கடைசி நிப்பிளை நான் இறுக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. எல்லோரும் ஓடிப்போய், வாசலில் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் ஒதுங்கினோம். அண்ணன் வீட்டிலிருந்து தேநீர் வந்தது, கூடவே வடையும் வந்தது. கியர்பாக்ஸை இறக்கியிருக்க வேண்டும் என்ற வாதமும் வந்தது.

மழை விட்டபோது மாமாதான் கேட்டார், "உன் அத்தை எங்கே?"

வேனின் கண்ணாடியை இறக்கி அத்தை தலையை நீட்டினார். "விடு என்று இன்னும் சொல்லவில்லையே!"

பிரேக்கின் மேல் பம்பில் ரப்பர் கப் தேய்ந்திருந்தால், அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல மெல்ல இறங்கும். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அத்தையிடம் கேட்டேன்: "கால் கொஞ்சமாவது கீழே போனதா?"

"என் காலா? நான் பிடித்தது என்றைக்கு இறங்கியிருக்கிறது, உன் மாமாவைக் கேள்."

மாமா அண்டாக்களை ஏற்றப் போய்விட்டார்.