விருத்தாசலத்து வன்னியும் ஜோத்பூர் கோடாலியும்

கடலூரில் எம்.எஸ்சி. தாவரவியல் கடைசி வருஷம். கள ஆய்வுக்குத் தார் பாலைவனம் என்றதும் எல்லோரும் ஒட்டகத்தைத்தான் நினைத்தோம். ஆறு நாளில் பார்த்தது ஒரே ஒட்டகம். அதுவும் ரோட்டில் வண்டி இழுத்துக்கொண்டு போனது.

போவதற்கு முன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒத்திகை. நாலு குச்சி, சணல் கயிறு, ஒரு மீட்டர் சதுரம். உள்ளே இருக்கும் செடிகளை எண்ண வேண்டும். அடும்பங்கொடியில் சண்டை வந்தது. வேர் வெளியே, கொடி உள்ளே, இதைச் சேர்ப்பதா விடுவதா? "வேர் எங்கயோ அங்கதான் கணக்கு" என்று சார் முடித்துவைத்தார். ராவணன் மீசைப் புல் கையைக் கிழித்தது தனிக் கதை.

டிசம்பர் கடைசியில் ஜோத்பூர் பக்கம் ஒரு கிராமம். எங்கள் குழுவுக்கு வந்த வேலை, கேஜ்ரி மரத்தடி மண்ணின் ஈரத்தை வெட்டவெளி மண்ணோடு ஒப்பிடுவது. மரத்தை நேரில் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்ம வன்னி! எங்கள் ஊர் விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் தலமரம். திருப்பணி செய்தவர்களுக்கு முனிவர் வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்கேற்ப அது பொன்னானது என்று ஆயா சொல்லி வளர்ந்தவள் நான்.

அந்த மரத்தின்மேல் ஒரு பெரியவர் கோடாலியோடு ஏறிக் கிளைகளைச் சரசரவென்று வெட்டித் தள்ளினார். மனசு பதறியது. 1730இல் இதே மரத்தைக் காக்கக் கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்ட சீமையாயிற்றே! சார் தன் அரைகுறை இந்தியில் விசாரித்துச் சொன்னார்: குளிர்காலத்தில் கிளையை மட்டும் கழிப்பார்கள், மரம் மறுபடி துளிர்த்துவிடும். காய்ந்த இலைக்கு 'லூங்' என்று பெயர், ஆட்டுக்குத் தீவனம். கீழே இருக்கும் பயிருக்கும் வெயில் கிடைக்கும்.

எட்டு மரம். ஒவ்வொன்றுக்கும் அடிமரத்தருகே, கிளை முடியும் இடத்தில், பத்து மீட்டர் தள்ளி என மூன்று குழி, 15 செ.மீ. ஆழம். மண்ணை அங்கேயே எடைபோட்டு உறையில் கட்டினோம். உறைமேல் ஸ்கெட்ச் பேனாவில் எண் எழுதியது என் புத்தி. ராத்திரி பையைத் திறந்தால் மணல் உரசி ஒன்பது உறைகளில் எழுத்தே இல்லை. மறுநாள் விடியற்காலைக் குளிரில் மூன்று மரத்தடியில் புதிதாகத் தோண்டினோம். அந்த ஒன்பதும் ஒருநாள் பிந்திய மண் என்று குறிப்பில் எழுத வேண்டியதாயிற்று. அப்புறம் பென்சிலால் சீட்டு எழுதி, சீட்டைத் தனிச் சின்ன உறையில் போட்டு உள்ளே வைத்தேன். வெறும் சீட்டு மண்ணின் ஈரத்தைக் குடித்துவிடும்.

கல்லூரிக்கு வந்து 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை. குறைந்தது எவ்வளவோ அதுதான் தண்ணீர். நிழலில்தான் ஈரம் கூடும் என்று போகும்போதே முடிவை எழுதி வைத்திருந்தேன். மூன்று மரங்களில் வெட்டவெளி மண்தான் அதிக ஈரம். "வந்தத எழுது" என்றார் சார். எழுதினேன்.

ஊருக்குப் போய் ஆயாவிடம் கழித்த மரத்தின் படத்தைக் காட்டினேன். "பாவிங்க, சாமி மரத்த" என்றது. ஆட்டுக்குப் போடத்தான், விற்கவும் செய்வார்கள் என்றேன். இரண்டு ஆடு வைத்திருக்கும் ஆயா படத்தை இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தது.

"கெலோ என்ன வெல?"

"கேக்கலியே ஆயா."

"ஆறு நாளு என்னத்தப் படிச்சிட்டு வந்த, போ."