பதுக்கலே ஆச்சி, பத்திரப்படுத்தினேன்

மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வை முதல் தடவை எழுதியபோது முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு எனக்கு வந்தது 21.5. மொத்தம் 25 கேள்வி, 50 மதிப்பெண். 13 சரி, 9 தப்பு, மூன்றைத் தொடவே இல்லை. ஒரு தப்புக்கு அரை மதிப்பெண் வெட்டு என்பதால் கையில் இருந்ததிலும் நாலரை பறிபோனது. கணக்கில் நன்றாகவே போட்டிருந்தேன், ஆங்கிலம் காலை வாரிவிட்டது.

எங்கே சறுக்கினேன் என்று பார்த்தால், பெரும்பாலும் சொற்களில்தான். பயிற்சி வகுப்பில் ஒரு நாளைக்கு நூறு சொல் என்று ஜெராக்ஸ் கொடுப்பார்கள். அதில் கன்சீல், கவர்ட், க்ளாண்டெஸ்டைன், ஃபர்டிவ், சர்ரெப்டிஷியஸ், கிரிப்டிக், ஆர்கேன் எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பதில்தான் இருக்கும்: மறைவான, ரகசியமான. நானும் அப்படியே உருப்போட்டேன். வினாத்தாளில் இவற்றில் மூன்று ஒரே கேள்விக்கு விடைகளாக வரிசைகட்டி நின்றால் என்ன செய்வது? பிள்ளையாரை வேண்டிக்கொண்டு ஒன்றைத் தட்டுவதுதான். பிள்ளையார்பட்டி பக்கத்தில்தான் என்றாலும் பலிக்கவில்லை.

அப்பா செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முன்னோர்க்குப் படைப்பு, கல்யாணம் என்றால் வந்து போவார்கள். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொரு பங்காளிக்கும் ஒன்று, சில அறைகளுக்குள் இன்னோர் அறை. தேர்வு முடிவு வந்த வாரம் வீட்டுக்கார ஆச்சி வந்திருந்தார். உள் அறைச் சாவியைக் காணோம் என்று வளவே அல்லோலகல்லோலப்பட்டது.

“ஏத்தா, சாவிய எங்கதான் வச்சே?”

“கோலமாவு டப்பாக்குள்ள, ஆச்சி.”

“பதுக்கறதுக்கு நல்ல இடம் பாத்தே போ.”

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. டப்பாவுக்குள் கைவிட்டு, மாவு உதிர உதிரச் சாவியை எடுத்து முந்தானையில் துடைத்தபடி, “பதுக்கலே ஆச்சி, பத்திரப்படுத்தினேன்” என்றாள்.

ஆச்சி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. சாவி ஒன்று, டப்பா ஒன்று, செய்த காரியமும் ஒன்றுதான். ஆனால் ஒரு சொல் அம்மாவைத் திருடியாக்குகிறது, இன்னொரு சொல் பொறுப்பானவளாக்குகிறது. தமிழில் இந்த வித்தியாசம் தெரிந்து கோபப்படுகிற வீட்டில் பிறந்துவிட்டு, ஆங்கிலத்தில் மட்டும் எல்லாவற்றையும் ‘மறை’ என்ற ஒரே மூட்டையில் கட்டியிருந்தேன்.

அன்று இரவே புது நோட்டுப் போட்டேன். ஏ, பி, சி வரிசையில் இல்லை. பக்கத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தலைப்பாக எழுதினேன்: பதுக்கு, பத்திரப்படுத்து, ஒளிந்துகொள், மூடி மறை, பூசி மெழுகு, கமுக்கமாக, கள்ளத்தனமாக, காதும் காதும் வைத்தாற்போல. பிறகு ஜெராக்ஸில் இருந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தேன்.

‘பதுக்கு’ பக்கத்தில் முதலில் குடியேறியது ஹோர்ட். 1955-இன் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல் எதிரே வரும். இதில் ஒரு வேடிக்கை: ஹோர்டிங் என்றால் பதுக்கல், பஸ் ஸ்டாண்டில் நிற்கும் விளம்பரப் பலகையும் ஹோர்டிங்தான். ஒன்று ஊர் கண்ணில் படாமல் வைப்பது, மற்றது ஊர் கண்ணில் குத்துவது. இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்து எழுத்தில் ஒன்றானவை. அதே பக்கத்தில் ஸ்டாஷ், கேஷ். இந்தக் கேஷ் பணமில்லை. ஒளித்து வைக்கும் இடத்துக்கும் அங்கே ஒளித்த பொருளுக்கும் பெயர், ஒளிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. போலீஸ் ஆயுதக் குவியலைக் கண்டுபிடித்தது என்ற செய்தியில் பார்க்கலாம். உச்சரிப்பு பணத்தைப் போலவே இருப்பதால் காதால் கேட்டுப் படிக்கிறவர்கள் ஏமாறுவார்கள்.

‘கள்ளத்தனமாக’ பக்கம்தான் எனக்கு அதிக மதிப்பெண் கொடுத்தது. ஃபர்டிவின் வேர் திருடனைக் குறிக்கும் லத்தீன் சொல். அதனால் அது பார்வைக்கும் அசைவுக்கும் ஒட்டும். யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதுதான் ஃபர்டிவ் க்ளான்ஸ். ஸ்டெல்தியும் திருட்டோடு உறவுள்ளதுதான், ஆனால் அதில் சத்தமில்லாத நடை முக்கியம், பூனை நடை. சர்ரெப்டிஷியஸ், தெரிந்தால் வம்பு என்று தெரிந்தே செய்வது. எழுத்துப் பிழை கேள்விக்கும் இது பிடித்த சொல்: ‘ஆர்’ இரண்டு, ‘பி’ ஒன்றுதான். க்ளாண்டெஸ்டைன் பெரும்பாலும் சந்திப்பு, உறவு, சட்டவிரோத ஏற்பாடு ஆகியவற்றோடு வரும். கவர்ட்டின் வேர்ப் பொருள் ‘மூடிய’. அரசாங்கமும் உளவுத்துறையும் செய்யும்போது இது வரும், திருட்டு வாடை கட்டாயமில்லை. இந்த ஐந்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கோடிட்ட இடக் கேள்விகளில் பாதி பயம் போய்விடும்.

‘பெட்டிக்குள்’ என்று ஒரு பக்கம் நானே உண்டாக்கினேன். ஆர்கேன் என்ற சொல் பெட்டியைக் குறிக்கும் லத்தீன் ‘ஆர்கா’விலிருந்து வந்தது என்று அகராதியில் பார்த்தேன். அந்த வீட்டின் இரும்புப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. எந்தச் சாவியை எந்தத் திசையில் எத்தனை முறை திருப்ப வேண்டும் என்று ஆச்சிக்கு மட்டும்தான் தெரியும். விஷயம் தெரிந்த நாலு பேருக்கு மட்டும் புரிவது ஆர்கேன். கிரிப்டிக் அப்படியில்லை, எதிரிலேயே இருக்கும், பிடிபடாது, குறுக்கெழுத்துக் குறிப்பு மாதிரி. பெட்டி தெரிந்த பிறகு இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொண்டதே இல்லை.

‘பூசி மெழுகு’ பக்கத்துக்கு வீட்டுச் சுவரே உதவியது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் அது, இன்றும் முகம் தெரியப் பளபளக்கிறது. க்ளாஸ் ஓவர் என்றால் குறையின் மேல் பளபளப்பைப் பூசிக் கடந்துபோவது என்று சுவரைத் தொட்டுப் படித்தேன். இது நான் கட்டிய பாலம்தான், வேர்ச்சொல் ஆராய்ச்சி இல்லை. ஒயிட்வாஷ் கொஞ்சம் கடுமை: குற்றத்தையே வெள்ளையடித்து மறைப்பது.

டிஸ்க்ரீட் என்ற ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டு உண்டு. இரண்டு ‘ஈ’யும் ஒட்டியிருந்தால் வாய் அடக்கமானவர், விஷயத்தைக் கமுக்கமாகக் கையாள்பவர். நடுவில் ‘டி’ புகுந்து அவற்றைப் பிரித்தால் தனித்தனியான என்று பொருள். சீக்ரீட் என்ற வினைச்சொல்லும் ஒளித்து வை, சுரக்கச் செய் என்று இரண்டு வேலை பார்க்கும். உயிரியல் படித்தவர்களுக்கு முதல் பொருள் கண்ணிலேயே படாது. எனக்கும் படவில்லை.

ஆப்ஸ்காண்ட் கற்க அகராதி வேண்டாம், ஆங்கில நாளிதழின் குற்றச் செய்திப் பக்கம் போதும்: தலைமறைவு. டைவல்ஜின் நடுவில் பொதுமக்களைக் குறிக்கும் லத்தீன் சொல் இருக்கிறது, ஆக அது ஊரறியச் சொல்வது. மரபுத்தொடர்களில் பீன்ஸைக் கொட்டுவது, பையிலிருந்து பூனையை விடுவது இரண்டும் குட்டை உடைப்பதுதான். கம்பளத்துக்கு அடியில் பெருக்கித் தள்ளுவதும் அலமாரிக்குள் எலும்புக்கூடும் மறைக்கிற பக்கம். நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாம், இதற்கெல்லாம் பட்டியலே போதும்.

என் கணக்கில் இரண்டு எச்சரிக்கை. வீட்டுக்கு ஐந்து சொல்லுக்கு மேல் குடியேற்றாதீர்கள், நெரிசலானால் மறுபடி மூட்டைதான். சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அதோடு வழக்கமாக வரும் சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்: ஃபர்டிவுக்குப் பக்கத்தில் பார்வை, கவர்ட்டுக்குப் பக்கத்தில் நடவடிக்கை. ஜெராக்ஸைத் தூக்கிப் போட வேண்டாம், அது சரக்கு மூட்டை. பிரித்து அடுக்குவது நம் வேலை. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். எனக்கு ஒன்பது பக்கம் முடிய மூன்று வாரம் ஆனது, நடுவில் ஆடி வெள்ளிக்கு இரண்டு நாள் போனது.

இரண்டாம் தடவை 21 சரி, 3 தப்பு, ஒன்றைத் தொடவில்லை: 40.5. அடுத்த கட்டத்தில் ஆங்கிலம் மட்டும் 45 கேள்வி, கேள்விக்கு மூன்று மதிப்பெண். அதற்காக இப்போது ‘மழுப்பு’ என்று புதுப் பக்கம் திறந்திருக்கிறேன். ‘அமுக்குணி’ பக்கம் மட்டும் இன்னும் காலியாகவே கிடக்கிறது. ரெட்டிசென்ட் என்று எழுதி அடித்துவிட்டேன், அது வெறும் பேசாதவர். அமுக்குணி பேசாமல் இருப்பதே ஏதோ இருக்கிறது என்பதற்காகத்தானே.