எதில் எழுபது?

நாங்கள் முதலில் போன ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) மருத்துவமனையின் வரவேற்பறையில் 'வெற்றி விகிதம் 70%' என்று பெரிய பலகை இருந்தது. அதை நம்பித்தான் பணம் கட்டினோம். எதில் எழுபது என்று கேட்கத் தோன்றவில்லை.

11 முட்டை எடுத்தார்கள். 4 கரு உருவானது; ஐந்தாம் நாள் வரை வந்தது ஒன்றுதான். அதைக் கருப்பையில் வைத்தார்கள். பதினான்காம் நாள் பீட்டா எச்சிஜி, அதாவது கர்ப்பத்துக்கான ரத்தப் பரிசோதனை, பாசிட்டிவ். ஏழாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை.

சில வாரம் கழித்துதான் அந்த மருத்துவமனையின் ஆலோசகரிடம் எதில் எழுபது என்று கேட்டேன். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் வந்தாலே அவர்கள் கணக்கில் வெற்றியாம். அந்த எழுபதுக்குள் நானும் இருந்தேன். வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் வேறு மருத்துவர். அவர் முதலில் கேட்டது பழைய ஃபைல்: எந்த ஊசி எத்தனை யூனிட், எம்ப்ரியாலஜி ரிப்போர்ட் (முட்டை, கரு பற்றிய ஆய்வக அறிக்கை). என்னிடம் இருந்ததோ பில்களும் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியும்தான். பழைய மருத்துவமனையில் கேட்கப் போனால், "டாக்டர் ஊர்ல இல்லை, அடுத்த வாரம் வாங்க." மூன்று தடவை.

நான்காம் தடவை என் கணவர் எழுத்தில் கொடுத்தார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணம் தர வேண்டும் என்கிறது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. செயற்கைக் கருத்தரிப்புப் பதிவேடுகளைக் குறைந்தது 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது 2021 சட்டம். இரண்டையும் குறிப்பிட்டு, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் ஃபைல் கைக்கு வந்தது.

அதில்தான் பார்த்தோம்: 11 முட்டையில் முதிர்ந்தவை 6 மட்டும். யாரும் சொல்லவே இல்லை. புது மருத்துவர் அந்த வரியில் விரல் வைத்து, "இதுக்காகவே ட்ரிகர் ஊசியை மாத்தணும்மா" என்றார். முட்டை முதிர்வதற்காகக் கடைசியில் போடும் ஊசி அது.

இந்தத் தடவை புது மருத்துவரிடம் நான் கேட்டேன்: ஊசி தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள், என் வயதில்? கரு வைத்தவர்களை மட்டும் எண்ணினால், அதற்கு முன்பே நின்றுபோனவர்கள் கணக்கில் வராமல் விகிதம் ஏறிவிடும். அமெரிக்காவில் ஒவ்வொரு மருத்துவமனையின் கணக்கையும் அரசே வெளியிட வேண்டும் என்கிறது 1992 சட்டம். பிரிட்டனிலும் யாரும் பார்க்கலாம். இங்கே, அந்த மருத்துவமனையில் வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தம்பதிக்கு விளக்க வேண்டும் என்று 2021 சட்டமே சொல்கிறது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

அவர் கம்ப்யூட்டரில் போன வருடக் கணக்கைத் திறந்து, ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 36 வயதுக்காரிக்கு அந்தப் பலகையில் இருந்ததில் பாதிகூட வரவில்லை. அங்கேயே சேர்ந்தோம்.