சர்பிட்டனில் வந்திறங்கியவர்கள்

லண்டன் வாட்டர்லூவில் ரயிலேறினால் அரை மணிக்குள் சர்பிட்டன். அதைச் சுற்றி நியூ மால்டன், டோல்வொர்த், செசிங்டன். இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் இந்த வட்டாரத்தில் 1955 முதல் 1970 வரை வேறொரு சிறு கூட்டம் வந்து குடியேறியது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஜாக் பிராபம், நியூசிலாந்திலிருந்து புரூஸ் மெக்லாரன், டெனி ஹல்ம், கிறிஸ் ஏமன். கார்ப் பந்தய வரலாற்றில் என் நாயகர்கள் யாரென்று கேட்டால் இந்த நால்வரைத்தான் சொல்வேன். இவர்களைவிட வேகமாக ஓட்டியவர்கள் உண்டு. கைத்தொழிலை மூலதனமாக வைத்துப் புது நாட்டில் இவர்கள் அளவுக்கு வேரூன்றியவர்கள் அந்த விளையாட்டில் குறைவு.

எல்லாம் ஹோலிஃபீல்டு சாலையிலிருந்த கூப்பர் பட்டறையில் தொடங்குகிறது. அப்பா சார்லஸ் கூப்பர், மகன் ஜான் கூப்பர். போருக்குப் பின் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்துச் சின்னப் பந்தயக் கார்கள் செய்தார்கள். சங்கிலி வழியாகப் பின்சக்கரத்தை ஓட்டவேண்டியிருந்ததால் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். கோட்பாடு எதுவும் பேசி எடுத்த முடிவல்ல. சங்கிலிக்கு அதுதான் வசதி. ஆனால் அதனால் ஓட்டுநருக்கு அடியில் நீளமான தண்டு ஓடவேண்டியதில்லை, இருக்கை கீழே இறங்கியது, எடை குறைந்தது.

பிராபம் அங்கே 1955இல் வந்தார். போர்க்காலத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையில் மெக்கானிக். பிறகு சிட்னியின் மண் தடங்களில் குட்டிக் கார் ஓட்டி 1948இல் தேசிய சாம்பியன். இங்கிலாந்தில் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு எதுவும் இல்லை. பட்டறைக்குள் அவரை நிலைக்கவைத்தது ஸ்பானர் பிடித்த கை. கூப்பர் காருக்குள் 2 லிட்டர் பிரிஸ்டல் எஞ்சினைத் தானே பூட்டி அதே ஆண்டு எய்ன்ட்ரீயில், உலக சாம்பியன் பட்டத்துக்கான பெரும் பந்தயங்களில் ஒன்றான பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் இறங்கினார். கார் பந்தயத்தை முடிக்கவில்லை. பட்டறையில் அவருடைய இடம் மட்டும் உறுதியானது.

அவர் கை எங்கே பயன்பட்டது என்பதற்கு கியர்பாக்ஸைப் பார்க்கவேண்டும். கூப்பர்கள் எடுத்தது சிட்ரோன் குடும்பக் காரின் முன்சக்கர கியர்பாக்ஸ். அதைத் திருப்பிப் பின்னால் வைத்தார்கள். வீட்டுக் காரின் சாதாரண எஞ்சினுக்காகச் செய்த பெட்டி அது. 1959இல் 2.5 லிட்டர் கவன்ட்ரி கிளைமேக்ஸ் எஞ்சின் கிட்டத்தட்ட 240 குதிரைத்திறன் தந்தது. அந்த விசையில் பெட்டியின் வார்ப்பு முறுக்கிக்கொள்ளும். உள்ளே தண்டுகள் ஒன்றைவிட்டொன்று விலகும். பற்களின் நுனி மட்டும் பிடித்து, உடைந்துபோகும். பல்லை மாற்றிக்கொண்டே இருந்தால் தீராது, பெட்டியையே விறைப்பாக்கவேண்டும். பிராபம் பாரிஸில் அதை வார்க்கும் இடத்துக்கே போய் அச்சில் விலா எலும்பு போன்ற கூடுதல் தாங்கு வரிகள் வைக்கச் செய்தார். ஓட்டுநர்கள் செய்யும் வேலை அல்ல இது.

1957 மொனாக்கோவில் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது எரிபொருள் பம்பு பிடிமானம் உடைந்து கார் நின்றது. தள்ளிக்கொண்டே போய் ஆறாவதாகக் கோட்டைத் தாண்டினார். 1959 டிசம்பர் 12, அமெரிக்காவின் செப்ரிங். கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. தடுமாறி வேகத்தைக் குறைத்த இளைய கூட்டாளியைப் போ போ என்று கையசைத்து அனுப்பிவிட்டு, மேட்டில் தனியாகத் தள்ளி நான்காவதாக முடித்தார். வெளியாள் கை வைத்தால் விதிப்படி தகுதி போய்விடும். அன்று அவர் உலக சாம்பியன். முந்திப்போய் வென்ற அந்தக் கூட்டாளிக்கு வயது 22. பெயர் புரூஸ் மெக்லாரன்.

மெக்லாரன் வந்தது 1958இல், நியூசிலாந்துப் பந்தயச் சங்கம் இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பத் தொடங்கிய உதவித்தொகையில் முதல் ஆளாக. ஒன்பது வயதில் இடுப்பு எலும்பைத் தாக்கிய பெர்தெஸ் நோயால் இரண்டு ஆண்டு சிகிச்சை இல்லத்தில் கிடந்தவர். ஒரு கால் கடைசிவரை குட்டை. ஆக்லாந்தில் அப்பாவின் பட்டறையிலேயே வளர்ந்ததால் கூப்பர் பட்டறை அவருக்கு அந்நியமாக இல்லை. அந்த ஆகஸ்ட்டிலேயே ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், பெரிய கார்களோடு சேர்ந்தோடிய சிறு எஞ்சின் பிரிவில் முதலிடம், மொத்தத்தில் ஐந்தாமிடம்.

இவர்கள் பிழைப்பின் கணக்கு பலருக்கும் தெரியாது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் பந்தயம் இல்லை, வருமானம் இல்லை. அப்போது சொந்த ஊரில் கோடை. ஜனவரியில் நியூசிலாந்து, பிப்ரவரியில் ஆஸ்திரேலியா என்று வரிசையாகப் பந்தயங்கள். கப்பலுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கார் இலையுதிர்காலம் முடிவதற்குள் பெட்டிக்குள் போய்விடவேண்டும். ஊரில் ஓட்டி, பரிசுப் பணம் வாங்கி, கடைசிப் பந்தயம் முடிந்ததும் காரையே அங்கே விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு திரும்பி அடுத்த காருக்கு முன்பணம் கட்டுவது வழக்கம். 1961இல் ஃபார்முலா ஒன் 1.5 லிட்டராகச் சுருங்கியபோது ஐரோப்பாவில் வேலையற்றுப்போன 2.5 லிட்டர் கிளைமேக்ஸ் எஞ்சினுக்கு அந்தக் கரையில் மறுவாழ்வு கிடைத்தது. 1964இல் அது டாஸ்மன் தொடர் என்ற பெயர் பெற்றது.

மெக்லாரன் அணி பிறந்ததே அந்த ஊர்ப் பயணத்துக்காகத்தான். டாஸ்மனுக்கென்றே ஒல்லியான கார் வேண்டும் என்றார் புரூஸ். சார்லஸ் கூப்பர் இசையவில்லை. 1963 செப்டம்பரில் சொந்த நிறுவனம் பதிந்தார். முதல் பட்டறை நியூ மால்டனில் மண் தரையோடு ஒரு கொட்டகை, மண் அள்ளும் இயந்திரங்களோடு பங்கிட்டது. எஞ்சினைப் பிரிக்கும் ஆளுக்கு இதைவிடக் கொடுமை இல்லை. பேரிங் ஓட்டில் ஒரு துளி மணல் உட்கார்ந்தாலும் கிராங்க் தண்டு கீறிவிடும். அவர் 1964 தொடரை வென்றார். அதே தொடரில், ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டில், உடன் ஓட்டிய டிம்மி மேயர் பயிற்சியின்போது இறந்தார்.

பிராபம் அதற்கு முன்பே ரான் டோரனாக்கை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து எம்ஆர்டி என்று கம்பெனி தொடங்கியிருந்தார். அந்த மூன்றெழுத்தைப் பிரெஞ்சில் சேர்த்துச் சொன்னால் மலம் என்று காதில் விழும் என ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் எச்சரித்த பிறகுதான் கார்களுக்கு பிராபம் என்ற பெயர் வந்தது. வேற்று நாட்டில் கடை திறப்பவர்கள் பலகை எழுதுவதற்கு முன் அக்கம்பக்க மொழியிலும் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும்.

1966தான் எனக்குப் பிடித்த ஆண்டு. எஞ்சின் அளவு 3 லிட்டராக உயர, எல்லோரும் எஞ்சினுக்கு அலைந்தார்கள். பிராபம் மெல்பர்னின் ரெப்கோ கம்பெனியிடம் போனார். ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்ட ஓல்ட்ஸ்மொபில் அலுமினிய வி8 பிளாக்கை எடுத்து, அடியில் தகடு கொடுத்து விறைப்பாக்கி, இரு பக்கமும் சிலிண்டர் தலைக்கு மேல் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒவ்வொன்று வைத்து, சங்கிலியால் ஓட்டினார்கள். ஏறக்குறைய 300 குதிரைத்திறன்தான். போட்டியாளர்கள் இதைவிட அதிகம் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் எஞ்சின் லேசு, குறைவாகக் குடிக்கும், எனவே புறப்படும்போது சுமக்கும் பெட்ரோலும் குறைவு. சேசிஸ் பற்றவைத்த எஃகுக் குழாய்; எந்த ஊரில் இடித்தாலும் அங்கேயே சரிசெய்யலாம். ரைம்ஸ், பிராண்ட்ஸ் ஹேட்ச், சாண்ட்வோர்ட், நூர்பர்க்ரிங் என அடுத்தடுத்து நான்கு வெற்றி. சொந்தப் பெயர் தாங்கிய காரில் உலக சாம்பியனானவர் இன்றுவரை அவர் ஒருவரே.

அதே ஆண்டு மெக்லாரன் எதிர்த்திசையில் போய் அடிபட்டார். இரு அலுமினியத் தகடுகளுக்கிடையே பால்சா மரம் ஒட்டிய மாலைட் பலகையில் உடல்; விறைப்பு அபாரம், ஆனால் வளைவு கொடுப்பது பெரும்பாடு. இண்டியானாபொலிஸுக்கான 4.2 லிட்டர் ஃபோர்டு எஞ்சினைச் சுருக்கி வைத்தார்கள். கனமான எஞ்சின், பயன்படும் வேக வரம்பும் குறுகல். மொனாக்கோவில் எண்ணெய்க் கசிவோடு நின்றது. ஆண்டு முழுக்க மூன்றே புள்ளி. 1968 ஸ்பாவில்தான் அவர் காருக்கு முதல் கிராண்ட் பிரீ கிடைத்தது, அதுவும் முன்னால் ஓடிய ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கு இறுதியில் பெட்ரோல் போதாமல் போனதால். தான் இரண்டாவது என்றே நினைத்துக் கோட்டைத் தாண்டினார்.

கிறிஸ் ஏமன் 1963இல் 19 வயதில் வந்து, சர்பிட்டன் டிட்டன் சாலை வீட்டில் மைக் ஹெய்ல்வுட், பீட்டர் ரெவ்சனோடு தங்கினார். 1966இல் மெக்லாரனோடு சேர்ந்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர், உலக சாம்பியன் பட்டக் கணக்கில் வரும் கிராண்ட் பிரீ மட்டும் ஒருமுறைகூட வெல்லவில்லை. 1971 மான்சாவில் முன்னணியில் இருந்தபோது தலைக்கவசக் கண்ணாடிமேல் ஒட்டிய அழுக்குப் படலத்தை உரிக்க இழுத்தார், முழுக் கண்ணாடியும் கையோடு வந்துவிட்டது.

டெனி ஹல்ம் 1960இல் அதே உதவித்தொகையில் ஜார்ஜ் லாட்டனோடு வந்தவர். லாட்டன் அந்த ஆண்டே டென்மார்க்கில் இறந்தார். ஹல்ம் பிராபமின் செசிங்டன் கராஜில் மெக்கானிக் கூலிக்கு வேலை பார்த்து, படிப்படியாக அந்த அணியின் ஓட்டுநராகி, 1967இல் முதலாளியையே 51க்கு 46 புள்ளிகளில் தோற்கடித்து உலக சாம்பியனானார். அடுத்த ஆண்டு ஊர்க்காரர் மெக்லாரனிடம் சேர்ந்தார்.

1970 மே மாதம் இண்டியானாபொலிஸ் பயிற்சியில் ஹல்ம் காரின் எரிபொருள் மூடி திறந்துகொண்டது. அங்கே எரிபொருள் மெத்தனால். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, புகையும் வராது. எரிகிறது என்று புரிவதற்குள் கைகள் வெந்துபோயின. ஜூன் 2 அன்று குட்வுட்டில் மெக்லாரன், கான்-ஆம் என்ற வட அமெரிக்கப் பந்தயத் தொடருக்கான புதிய காரைச் சோதித்தபோது நேர்ப்பாதையில் பின் உடற்கூடு கழன்று பறந்தது. பின்சக்கரங்களைத் தரையில் அழுத்திவந்தது அந்தக் கூடும் அதன் இறக்கையும்தான். அது போனதும் கார் சுழன்று கண்காணிப்பு மேடையில் மோதியது. அவருக்கு 32 வயது.

மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லியும் அணியின் கோல்ன்புரூக் பட்டறைக்கு எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஜூன் 14, கனடாவின் மோஸ்போர்ட். மெக்லாரன் காரில் டேன் கர்னி முதலாவதாக வந்தார். ஆறாத கைகளோடு ஸ்டியரிங் பிடித்து ஹல்ம் மூன்றாவதாக வந்தார். அந்த ஆண்டின் கான்-ஆம் பட்டத்தையும் அவரே எடுத்தார்.